வெற்றிலை மெல்லும் வாயில் கடைவாய்ப்பல் அடைப்பு: கம்போசிட்டா, கிளாஸ் ஐயனோமரா?

பெகு கிளினிக்:
கீழ்க் கடைவாய்ப்பல். பக்கத்துப் பல்லை ஒட்டிய சொத்தை, ஈறு விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆள் நாள் முழுக்கக் குன்யா (பர்மிய வெற்றிலைச் சுருள்) மெல்லுகிறவர். ரங்கூனில் இப்போது எதற்கெடுத்தாலும் கம்போசிட் (விளக்கொளியில் இறுகும் பிசின் அடைப்பு) என்கிறார்கள். நம் ஊர் கரண்ட்டையும் மழைக்கால ஈரத்தையும் பார்த்தால் கெட்டிக் கிளாஸ் ஐயனோமர்தான் (பொடியும் திரவமும் குழைத்தால் தானே இறுகும் அடைப்பு) சரி என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

ரங்கூன் பல்:
காரணம் இருக்கிறது டாக்டர். பக்கச்சுவர் இல்லாத குழியில் ஐயனோமர் போட்டால் மேல் விளிம்பு பெயர்ந்து விழும். கடிக்கும் பரப்புக்கான கம்போசிட்டுக்கு ஐஎஸ்ஓ 4049 தரவிதி கேட்கும் வளைவு வலு குறைந்தது 80 மெகாபாஸ்கல். ஐயனோமர் பெரும்பாலும் அதில் பாதியைக்கூடத் தொடாது. கொட்டைப் பாக்கைக் கடிக்கும் வாயில் அது முதலில் தேயும், பிறகு உடையும், உணவு சிக்கும், ஈறு வீங்கும்.

பெகு கிளினிக்:
80 என்பது சோதனைச்சாலையில், நன்றாக இறுகிய துண்டுக்கு. அந்தக் குழியின் அடி, விளக்கு முனையிலிருந்து 7, 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். பல விளக்குகளில் அங்கே போய்ச் சேரும் ஒளி பாதிக்கும் குறைவு. மலிவான பேட்டரி விளக்குகள் சில, சார்ஜ் இறங்க இறங்க மங்கும். கண்ணுக்கு அதே நீலம்தான் தெரியும். முனையில் பழைய கம்போசிட் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். மேலே கல் மாதிரி, அடியில் பிசின் மாதிரி. ஆறு மாதத்தில் ஓரம் கறுக்கிறது என்று ஆள் திரும்பி வருவது இதனால்தான்.

பாண்ட் (கம்போசிட்டைப் பல்லோடு ஒட்டவைக்கும் திரவம்) பாட்டில் கதையும் இதேதான். பலவற்றின் அட்டையில் 2 முதல் 25 டிகிரி என்று இருக்கும். ஏப்ரலில் கரண்ட் போய் ஃபிரிட்ஜ் அணைந்தால் அறை 35ஐத் தாண்டும். மூடியைத் திறந்தே வைத்தால் கரைப்பான் ஆவியாகி பாண்ட் தடித்துப்போகும்.

ரங்கூன் பல்:
இதெல்லாம் கைவேலையின் குறை, பொருளின் குறை இல்லை. ரேடியோமீட்டர் (ஒளிவலு அளக்கும் கருவி) வைத்து வாரம் ஒருமுறை விளக்கை அளந்து பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 600 மில்லிவாட்டுக்குக் கீழே வந்தால் அதைப் பின்பல்லுக்குத் தொடாதீர்கள். முதல் அடுக்கு 1 மில்லிமீட்டர், 40 விநாடி. அடுத்தவை 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பக்கச்சுவருக்குப் பதிலாகச் சுற்றிய மேட்ரிக்ஸ் பேண்டைக் கழற்றியதும் கன்னப் பக்கம் 20, நாக்குப் பக்கம் 20 விநாடி.

வெற்றிலைக்காரர்களுக்கு ஒன்று கூடுதல். தேய்ந்து பளபளவென்று பழுப்பேறிய டென்டினில் (எனாமலுக்கு அடியில் உள்ள பகுதி) பாண்டுக்கு முன் வைக்கும் ஆசிட் சரியாகக் கடிக்காது. பர் (பல் குடையும் சிறு முனை) வைத்து மேல்தோலை லேசாகச் சுரண்டிவிட்டுத்தான் ஆசிட் வைக்க வேண்டும்.

மோல்மேன் பெரியவர்:
இரண்டு பேரும் சண்டை போடும் முன் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பாக்கால் கன்னம் பட்டை பட்டையாக இறுகியிருந்தால் ரப்பர் டேம் (எச்சிலைத் தடுக்கும் ரப்பர் விரிப்பு) கிளாம்ப் போகாது, விளக்கு முனை நேராக நிற்காது. அங்கே கம்போசிட் பேச்சே வீண். வெள்ளைத் திட்டு, ஆறாத புண் கண்ணில் பட்டால் அடைப்பை ஒத்திவைத்து முதலில் அதைப் பரிசோதிக்க அனுப்புங்கள்.

ஈரம் தாங்குவது அமால்கம் (பாதரசம் கலந்த உலோக அடைப்பு) என்பது பழைய பேச்சு. உண்மைதான். ஆனால் பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையின் 2022 முடிவு, 15 வயதுக்கு உட்பட்டோருக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. புதிதாக அதில் இறங்க வேண்டாம்.

ரங்கூன் பல்:
அண்ணே சொன்ன வாய்திறப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயனோமரைக் கையில் குழைக்கும்போது நடப்பதையும் சொல்லுங்கள். பொடி குறைவாகப் போட்டால் வழவழவென்று வசதியாக இருக்கும், வலு போய்விடும்.

பெகு கிளினிக்:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். பாட்டிலை முதலில் படுக்க வைத்துக் காற்றுக் குமிழியை விலக்கி, பிறகு நேர் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்து ஒரு சொட்டு. குமிழியோடு விழுந்த சொட்டைத் துடைத்துவிட வேண்டும். பொடியைக் கரண்டியில் தட்டாமல் அள்ளி, மேலே வழித்துவிட்டு, இரண்டு பங்காகச் சேர்த்து அரை நிமிடத்துக்குள் குழைத்து முடிக்க வேண்டும். பளபளப்பு இருக்கும்போதே குழிக்குள் போகணும். மங்கிவிட்டால் பல்லோடு ஒட்டாது, தூக்கிப் போடுங்கள். வெயில் காலத்தில் கண்ணாடிப் பலகையைக் குளிர வைக்கலாம், பனித்துளியை மட்டும் துடைத்துவிடுங்கள். வைத்து முடித்ததும் மேலே வார்னிஷ்.

லேப் மேசை:
குழி, பல் மேடுகளுக்கு இடையிலான அகலத்தில் பாதியைத் தாண்டியிருக்கிறதா? தாண்டினால் இரண்டுமே வேண்டாம். மேடுகளை மூடிய கேப்தான். ஜிர்கோனியா (வெள்ளைப் பீங்கான் வகை) கேப் என்றால் வாயில் வைத்துப் பார்த்தபின் பாஸ்பாரிக் ஆசிட்டால் கழுவாதீர்கள். பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு பிரைமரை (ஒட்டுவதற்கு முன் பூசும் திரவம்) பிடிக்க விடாது. எச்சில் பட்ட உள்பக்கத்தை 50 மைக்ரான் அலுமினாவால் மெதுவாக ஊதி, பிறகு எம்டிபி (ஜிர்கோனியாவோடு பிணையும் வேதிப்பொருள்) உள்ள பிரைமர்.

பெகு கிளினிக்:
பாதியைத் தாண்டவில்லை. மூன்றில் ஒரு பங்குதான். வாய் நன்றாகவே திறக்கிறது.

ரங்கூன் பல்:
அப்படியானால் ஈறுப் பக்கம் உங்கள் ஐயனோமர், பக்கத்துப் பல் தொடும் இடத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள். 5, 6 நிமிடம் இறுகட்டும். தொடும் இடமும் கடிக்கும் பரப்பும் கம்போசிட், 2 மில்லிமீட்டர் கனம் குறையாமல். விளக்குக்கு அப்போது தூரமும் குறையும்.

பெகு கிளினிக்:
அடிப்பகுதிக்கு ஒத்துக்கொண்டீர்களே, அது போதும். மேலே கம்போசிட் வைக்கிறேன், விளக்கை அளந்துவிட்டு.