பொருள்: 'டிடெக்‌ஷன்' – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். பாலிடெக்னிக் கையேட்டில் பிரஷர் குக்கர் தயாரிப்பை வைத்து எஃப்.எம்.இ.ஏ. (எது எப்படிப் பழுதாகலாம், விளைவு என்ன என்று முன்கூட்டியே அலசும் முறை) பாடம் வருகிறது. 'பழுதுவகை விளைவாய்வு' என்று பெயர் வைத்தாயிற்று. ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று மதிப்பெண், 1 முதல் 10 வரை. மூன்றையும் பெருக்கி, பெரிய எண் வரும் பழுதை முதலில் கவனிப்பார்கள்; அந்த எண்தான் 'இடர் முன்னுரிமை எண்'. முதல் இரண்டும் கடுமை (விளைவு எவ்வளவு மோசம்), நேர்வு (எவ்வளவு அடிக்கடி நேரும்). மூன்றாவதான 'டிடெக்‌ஷன்'தான் தகராறு. சோதனையில் எளிதாகச் சிக்கும் பழுதுக்கு 1, சிக்கவே சிக்காததற்கு 10. 'கண்டறிதல் 9' என்று போட்டால், சோதனை பிரமாதம் என்றல்லவா மாணவன் நினைப்பான்?
– செ.

காண் + அருமை = காணருமை. 'கா' நெடில் என்பதால் ஒற்று இரட்டாது. 'செயற்கரிய' என்பதில் உள்ள அதே அருமை. கூடவே ஒன்று: இடரும் இடறுவதும் ஒரே வேர் என்பது என் துணிபு. வழியில் கிடக்கும் கல்லில் கால் இடறுகிறது, அதுவே இடர். ஆகவே 'ரிஸ்க்' என்று யாரும்...
– ந.

ஐயா, வேர் ஆய்வைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். 'காணருமை 9' என்றால் இன்றைய பையன் 'சூப்பர்' என்றுதான் படிப்பான். ஃபேக்டரியில் 'செக்கிங்ல நழுவிடுச்சு' என்பார்கள். 'நழுவல்' போதுமே. எண் கூடக்கூட நழுவல் கூடும், திசையும் சரி.

உதாரணம்: பாதுகாப்பு வால்வில் உள்ள ஈயக்கலவை குறித்த வெப்பத்தில் உருகி ஆவியை வெளியே விடவேண்டும். உருக்கிப் பார்த்தால் அந்த வால்வு வீண். அதனால் மாதிரிக்குச் சிலவற்றைத்தான் சோதிக்க முடியும், மற்றவை நம்பிக்கையில் போகின்றன. நழுவல் 7. கடுமை 10, நேர்வு 2. பெருக்கினால் 140. பாலிஷ் கீறலுக்குக் கடுமை 3, நேர்வு 8. பேக்கிங்கிலும் கீறல் விழுவதால் நழுவல் 6. பெருக்கினால் 144.
– வ.

அப்படியானால் கீறல்தான் முதலில்! குக்கர் வெடித்தாலும் பளபளப்பாக வெடிக்கும். இந்த எண்ணுக்கு 'இடர் முன்னுரிமை எண்' என்று பெயர் வைப்பதே பொய். 'இடர்ப் பெருக்கம்' என்போம்.
– ந.

அது இடர் கூடிக்கொண்டே போவதுபோல் ஒலிக்கிறது. மூலத்திலேயே உள்ள குறைக்குத் தமிழ் பொறுப்பல்ல. வாகனத் துறையின் 2019 கையேடு பெருக்கலைக் கைவிட்டு, கடுமையை முதலில் பார்த்து உயர், நடு, தாழ் என்று பிரிக்கிறது. அடிக்குறிப்பில் சொல்லிவிடலாம்: கடுமை 9, 10 என்றால் பெருக்காமலே முதலில் கவனி.
– வ.

நழுவலுக்கு மூவர், காணருமைக்கு ஒருவர், 'கண்டறிதலே இருக்கட்டும், பழகிவிடும்' என்று ஒருவர். நழுவல் என்றே அனுப்புகிறேன். முன்னுரிமை எண்ணும் அடிக்குறிப்போடு அப்படியே போகிறது.
– செ.

போகட்டும். சொற்பட்டியலில் காணருமையையாவது அடைப்புக்குறிக்குள் போடுங்கள். இடறல் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.
– ந.