போலிப் பாக்கெட்டிலும் எங்கள் கியூஆர் ‘அசல்’ என்று காட்டுகிறது

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் தோட்டத்து அரபிக்கா காபித் தூளை 250 கிராம் பாக்கெட்டில் விற்கிறோம். ஒவ்வொரு லாட்டும் பறித்தது, பல்ப்பிங் (பழத்தோல் நீக்கியது), காயவைத்தது, வறுத்தது எல்லாம் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் 2.5 என்ற பிளாக்செயின் மென்பொருளில் பதிவாகிறது. பாக்கெட்டில் இருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்தால் பார்க்கலாம்.

பொங்கலுக்குப் பிறகு சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போலி வர ஆரம்பித்தது. உள்ளே பாதிக்குப் பாதி சிக்கரி. ஸ்கேன் செய்தால் எங்கள் பக்கமே திறந்து ‘அசல்’ என்கிறது! பிளாக்செயினில் ஏறிய பதிவை யாரும் தெரியாமல் திருத்திவிட முடியாதுதான். ஸ்டிக்கரை ஜெராக்ஸ் எடுப்பவனை அது என்ன செய்யும்?

பாக்கெட்டுக்குப் பாக்கெட் தனி எண் கொடுத்தோம். போலி போடுபவர்கள் அதில் ஒரே எண்ணை எடுத்து அச்சடித்துத் தள்ளினார்கள். இரண்டாவது ஸ்கேனுக்கு எச்சரிக்கை வைத்தோம். கடையில் சும்மா எடுத்துப் பார்ப்பவர்களே ஸ்கேன் செய்துவிடுவதால் அசலுக்கும் சிவப்பு வருகிறது. போனால் தொடும்போதெல்லாம் புதுக் குறியீடு தரும் என்டிஏஜி 424 டிஎன்ஏ என்ற என்எஃப்சி (அருகில் வைத்தாலே போன் படிக்கும்) சிப்பையும் ஒட்டிப் பார்த்தாயிற்று. பையில் அலுமினியப் படலம் இருப்பதால் போன் படிக்கவே இல்லை. படலம் இல்லாத பையில் படிக்கிறது, காபி மணம் நிற்பதில்லை. படலத்தின் மேலும் படிக்கும்படி ஃபெரைட் அடுக்கு வைத்த டேக் எங்கள் விலைக்குக் கட்டுபடியாகாது. அதோடு, வாங்குகிற பலருடைய போனில் என்எஃப்சியே கிடையாது.

மிச்சம் இருப்பது சுரண்டும் லேபிள். வெளியே இருக்கும் கியூஆர் விவரத்துக்கு மட்டும். சுரண்டினால் வரும் ரகசிய எண் ஒரே ஒரு முறைதான் செல்லும்.

சேலம், ஈரோடு, சிவகாசி வட்டாரத்தில் இப்படிப் பாக்கெட்டுக்கு ஒரு எண்ணாக, சின்ன ஆர்டருக்கும் சுரண்டும் லேபிள் அச்சடித்துத் தருபவர் யாரையாவது தெரியுமா?