'குவாண்டம் மாறுநிலை': இரும்புசார் சேர்மங்களுக்கான கலைச்சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

இரும்புசார் சேர்மங்களைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன்; அதற்கான கலைச்சொல் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள். கட்டுரையின் மையம் பேரியம் இரும்பு ஆர்செனைடு. தூய நிலையில் ஏறத்தாழ 138 கெல்வினில் அதில் எதிர் ஃபெர்ரோகாந்த ஒழுங்கு (அணுக் காந்தங்கள் எதிரெதிராக அமைந்து ஒன்றையொன்று நீக்கும் நிலை) தோன்றும். ஆர்செனிக் இடத்தில் பாஸ்பரஸ் ஏற ஏற அந்த வெப்பநிலை இறங்கும். பாஸ்பரஸ் பங்கு 0.30-ஐ ஒட்டி அது சுழி கெல்வின் வரை இறங்கி, ஒழுங்கு மறைந்துவிடும். அந்த இடத்தைக் 'குவாண்டம் மாறுநிலைப் புள்ளி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

> குவாண்டம் மாறுநிலைப் புள்ளி

முதல் பதில்: புள்ளிக்குச் சரி. சிக்கல் அடுத்த வரியில் வரும். அதே 0.30-இல்தான் மீக்கடத்தல் (மின்தடையே இல்லாத நிலை) தொடங்கும் வெப்பநிலையும் உச்சம், சுமார் 30 கெல்வின். பாடநூலில் அதுவும் 'மாறுநிலை வெப்பநிலை'தான். "மாறுநிலைப் புள்ளியில் மாறுநிலை வெப்பநிலை உச்சம்" என்று எழுதினால் படிப்பவர் தலையைச் சொறிவார். இரண்டாவதை 'மீக்கடத்தல் வெப்பநிலை' என்றே எழுதுங்கள்.

இன்னொன்று: புள்ளி இருப்பது சுழி கெல்வினில். நாம் அளப்பது அதற்கு மேலே விரியும் பகுதியை. அங்கே மின்தடை வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறும். பாஸ்பரஸ் மேலும் கூடினால் சாதாரண உலோகம்போல் வெப்பநிலையின் இருமடிக்குத் திரும்பும். அந்தப் பகுதிக்கு 'மாறுநிலை விசிறி' எனலாம், வரைபடத்தில் வடிவமே அதுதான். பொதுப்பண்புக்கு 'மாறுநிலைத்தன்மை'.

> மாறுநிலை விசிறி

இரண்டாவது பதில்: நல்ல சொல். ஆனால் மின்தடையின் நேர்கோட்டு ஏற்றத்தை வரையறையில் சேர்க்காதீர்கள். நயோபியம் ஒன்றுக்கு இரும்பு இரண்டு கொண்ட சேர்மத்தில் மின்தடை வெப்பநிலையின் 3/2 அடுக்கில் ஏறும். வெப்ப ஏற்புத்திறனை வெப்பநிலையால் வகுத்தால், வெப்பநிலை குறையக் குறைய அது மடக்கையாக ஏறும். ஒரு விழுக்காட்டளவு நயோபியம் மிகுந்தாலே அங்கே காந்த ஒழுங்கு அடங்கிவிடும்.

அதனால் 'பங்கு' என்ற சொல்லுக்கும் ஒரு குறிப்பு வேண்டும்: உருக்கில் போட்ட விகிதம் அல்ல, படிகத்தில் அளந்த விகிதம். பாஸ்பரஸ் சீராகப் பரவாத படிகத்தில் மீக்கடத்தும் இழை ஒன்றே மின்னோட்டம் முழுவதையும் இழுத்துக்கொள்ளும். மின்தடை சுழி என்று காட்டும், படிகத்தின் பெரும்பகுதி மீக்கடத்தியாக மாறியிருக்காது. மீக்கடத்தல் வெப்பநிலையில் வெப்ப ஏற்புத்திறனில் துள்ளல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதவேண்டும்.

'ஊடுருவு ஆழம்' (மீக்கடத்தியினுள் காந்தப்புலம் நுழையும் தொலைவு) பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. 2012-இல் வெளியான அளவீட்டில் அது 0.30-இல் கூர்மையாக உயர்ந்தது. மீக்கடத்தலுக்கு அடியிலும் புள்ளி இருக்கிறது என்பதற்கு என் கணக்கில் அதுவே வலுவான சான்று. மற்ற வழி, மீக்கடத்தலைக் காந்தப்புலத்தால் அழித்துப் பார்ப்பது; அதற்குப் பல பத்து டெஸ்லா (காந்தப்புல அலகு) தேவைப்படும்.

காந்த 'அலைவுகள்' என்று எழுதிய இடங்களை 'ஏற்ற இறக்கங்கள்' என்று மாற்றிவிடுங்கள். அலைவு என்றால் ஒழுங்கான கால இடைவெளி உண்டு என்று பொருளாகும். இங்கே அப்படி எதுவும் இல்லை.