‘இறக்கைச் சின்னம்’ பொருந்துமா? போர்க்கால விமானிகளின் மார்பு அடையாளத்துக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படையோடு சேர்ந்து போரிட்ட போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, பிரான்சு முதலிய நாடுகளின் விமானிகள் சீருடையின் மார்பில் அணிந்திருந்த அடையாளத்துக்கு, நம் கலைச்சொற்பட்டியலில் சேர்ப்பதற்காக ‘விமானி பதக்கம்’, ‘இறக்கைச் சின்னம்’, ‘வானோடி இலச்சினை’ ஆகிய மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்களே. ஆயினும் அந்தப் பொருளையும் அது அணியப்பட்ட சூழலையும் அருகில் வைத்துப் பார்த்தால், எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

முதலில் பதக்கம். பதக்கம் ஒருவர் செய்த செயலுக்காக வழங்கப்படுவது. இந்த அடையாளமோ பயிற்சியை முடித்து விமானத்தைச் செலுத்தும் தகுதியை அடைந்தவருக்கு உரியது. ஒரே மார்பில் இரண்டும் இருக்கும்போது வேறுபாடு தெளிவாகிறது. 1940-இல் பிரித்தானிய வான் போரில் 17 எதிரி விமானங்களை வீழ்த்தியவராகக் கணக்கிடப்பட்ட செக்கோஸ்லோவாக்கிய விமானி யோசெப் பிரான்டிஷேக், பிரித்தானியப் பதக்கத்தையும் போலந்தின் வீர விருதையும் பெற்றவர்; அவர் விமானி என்பதைக் காட்டும் அடையாளம் அவற்றுக்கு வெகுகாலம் முன்பே, தம் நாட்டில் பயிற்சி முடித்த நாளிலேயே, அவருக்கு உரியதாகிவிட்டது. இரண்டையும் பதக்கம் என்றே எழுதினால், ஒரு ஒளிப்படத்தின் கீழே விளக்கம் எழுதுபவர் என்ன செய்வார்?

‘இறக்கைச் சின்னம்’ என்பதைத்தான் பலரும் விரும்புகிறார்கள். அது பிரித்தானிய வழக்கிலிருந்து எழுந்த சொல். அங்கே 1913-இல் பறப்புப் படைக்கென ஏற்படுத்தப்பட்ட அடையாளம் துணியில் பின்னிய இரண்டு இறக்கைகளும், நடுவில் வாகை மாலைபோன்ற இலைவளையமும், மேலே முடியும் கொண்டது. விமானி அல்லாத, உடன் பறந்து கண்காணிக்கும் நோக்கருக்கு ஒற்றை இறக்கை தரப்பட்டது. அந்த அமைப்புக்கு இச்சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் நாம் பெயர் தேடுவது பிறநாட்டு விமானிகள் அணிந்தவற்றுக்கும் சேர்த்துத்தான். முதல் உலகப் போரின்போது 1916-இல் உருவான பிரெஞ்சு அடையாளம் வட்டமான உலோக வளையம். அதில் ஒரு பாதி ஓக் இலை, மறுபாதி வெற்றியைக் குறிக்கும் லாரல் இலை. இறக்கைகள் அந்த வளையத்தின் உள்ளே அடங்கியிருக்கும். போலந்து அடையாளத்தில் தனியாக இறக்கை என்று சொல்ல ஒன்றுமில்லை. முழுக் கழுகே இருக்கிறது. சிற்பி க்ருபெர்ஸ்கி வடிவமைத்து 1919-இல் நடைமுறைக்கு வந்த அந்த வெள்ளிநிறக் கழுகு, அலகில் ஓர் இலைவளையத்தைக் கவ்வியபடி பாய்ந்து பறக்கிறது; சிறு சங்கிலியில் கோத்து இடது மார்பில் தொங்கவிடப்படுகிறது; பின்புறத்தில் அதற்குரிய எண் பொறிக்கப்பட்டிருக்கும். போலந்து விமானிகள் அதைச் செல்லமாகக் ‘காப்பா’ என்று அழைத்தார்கள். அதன் அழகை நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன். அப்படிப்பட்ட ஒன்றை ‘இறக்கை’ என்று பெயரிடுவது, பிரித்தானிய வடிவத்தையே பொது வடிவமாகக் கொள்வதாகும்.

‘இலச்சினை’ முத்திரை, நிறுவன அடையாளம் ஆகிய பொருள்களில் ஊன்றிவிட்டது. போலந்தின் 303-ஆம் படைப்பிரிவுக்கென்று, அரிவாள்களும் தொப்பியும் விண்மீன்களும் கொண்ட ஓர் இலச்சினை இருந்தது. அதை விமானத்தின் பக்கவாட்டில் தீட்டினார்கள். அதற்கே அச்சொல்லை ஒதுக்கி வைப்பது நல்லது. இடையில் ஒருவர் நினைவூட்டிய ‘வில்லை’ என்ற பழஞ்சொல்லும் சேவகர்களின் வட்டத் தகட்டைக் குறித்தது என்பதால், துணியில் தைத்த பிரித்தானிய அடையாளத்துக்கு ஒவ்வாது.

ஆகவே வடிவத்தை விட்டுவிட்டுச் செயலைப் பற்றிக்கொள்ளும் ‘பறப்புச் சின்னம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘பறப்பு’ ஈழத்து வழக்கில் வானூர்திப் பயணத்துக்கு வேரூன்றிய சொல். தமிழ்நாட்டிலும் விளக்கம் இன்றியே புரியும். இது வகைப்பெயராக நிற்பதால், ‘விமானி பறப்புச் சின்னம்’, ‘நோக்கர் பறப்புச் சின்னம்’, விமானத் துப்பாக்கியை இயக்குபவருக்குச் ‘சுடுநர் பறப்புச் சின்னம்’ என்று பணிக்கேற்ப விரித்துக்கொள்ளலாம். ‘விமானிப் பறப்பு’ என்று ஒற்று மிக வேண்டாமா என்று கேட்கக்கூடும். உயர்திணைப் பெயரின் ஈற்று உயிருக்குப் பின் வல்லினம் மிகாது என்ற நன்னூல் விதியே இங்கே போதுமானது. ‘பறப்புத் தகுதிச் சின்னம்’ என்பது இன்னும் துல்லியமானதுதான். ஆனால் தகுதி என்ற கூறு வரையறையில் இருந்தால் போதும், ஒவ்வொரு முறையும் எழுதவேண்டியதில்லை. போலந்தின் கழுகு கவ்விய வளையம் பச்சை நிறத்தில் இருந்தால் அவர் போர்க்களத்தில் பறந்தவர் என்று பொருள். அதற்கு மட்டும் ‘போர்ப்பறப்புச் சின்னம்’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம்.

இனி, என் மனத்தில் அதிகம் கனக்கும் சிக்கலுக்கு வருகிறேன். ‘நேசநாட்டு’ என்ற அடைமொழியை இந்தச் சொல்லோடு ஒட்ட வேண்டும் என்று சிலர் கூறுகிறார்கள். யாருடைய நேசநாடு? 1940 செப்டம்பரில் பிரித்தானிய வான்படை அமைத்த 71-ஆம் படைப்பிரிவில் சேர்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அப்போது அவர்கள் நாடு போரில் இறங்காத நடுநிலை நாடு. பிரித்தானிய இறக்கைகளை அணிந்து போரிட்ட அவர்கள், 1942 செப்டம்பர் 29 அன்று அமெரிக்க வான்படைக்கு மாறியபோது, இடது மார்பில் தம் நாட்டின் வெள்ளி இறக்கைகளையும், வலது மார்பில் சிறிய அளவிலான பிரித்தானிய இறக்கைகளையும் அணிய இசைவு பெற்றார்கள். செக்கோஸ்லோவாக்கிய விமானிகளிடமும் இரண்டு சின்னங்களைக் காண்கிறோம். அவர்கள் பிரித்தானியத் தன்னார்வ வான்படையில் பதிவானவர்கள். இடது மார்பில் பிரித்தானியச் சின்னத்தையும் வலப்புறம் தம் நாட்டுச் சின்னத்தையும் அணிந்தார்கள். போலந்தினரும் முதலில் அதே தன்னார்வப் படையில்தான் சேர்க்கப்பட்டார்கள். பிரித்தானியாவோடு செய்துகொண்ட 1940 ஆகஸ்ட் 5 உடன்படிக்கைக்குப் பின்னர் அவர்களுடைய வான்படை இறைமையுள்ள ஒரு நாட்டின் படையாக ஏற்கப்பட்டு, போர்நடவடிக்கைகளில் மட்டும் பிரித்தானியக் கட்டளையின்கீழ் நின்றது. பிரித்தானிய நீலச் சீருடையின் இடது மார்பில் அந்தக் கழுகு தொங்கியதை இந்த உடன்படிக்கையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நாடு எதிரியின் பிடியில் இருக்க, அரசு இலண்டனில் புகலிடம் பெற்றிருக்க, அவர்கள் ஏந்திய நாட்டு அடையாளங்களுள் அதுவும் ஒன்று. அந்தச் சின்னங்களை இலண்டன் பட்டறைகளிலேயே புதிதாகச் செய்யவும் வேண்டியிருந்தது.

இந்த இடது, வலது வேறுபாட்டைச் சொல்லாத கலைச்சொல் வரலாறு எழுதுபவருக்குப் பயன்படாது. ஆகவே இரண்டு துணைச்சொற்கள் தேவை. ஒருவருக்குப் பயிற்சியளித்து முதன்முதலில் தகுதி வழங்கிய படையைத் ‘தாய்ப்படை’ என்றும், அவர் பின்னர் இணைந்து போரிட்ட வேறொரு படையை ‘இணைபடை’ என்றும் கொள்வோம். அப்போது செக்கோஸ்லோவாக்கிய விமானியின் வலப்புறம் இருந்தது தாய்ப்படைச் சின்னம், இடப்புறம் இருந்தது இணைபடைச் சின்னம். ‘தாய்நாட்டுச் சின்னம்’ என்று சொல்லாததற்குக் காரணம் மேலே சொன்ன அமெரிக்கர்களே: அவர்களுள் பலர் முதன்முதலில் பெற்ற படைச்சின்னம் பிரித்தானியாவினுடையது, தாய்நாட்டினுடையது அன்று. பிரான்டிஷேக்கையும் எண்ணிப்பாருங்கள், பிறப்பும் பயிற்சியும் செக்கோஸ்லோவாக்கியாவில், பறந்தது போலந்தின் 303-ஆம் படைப்பிரிவில், அந்தப் பிரிவு இயங்கியது பிரித்தானியக் கட்டளையில். படையை அளவுகோலாகக் கொண்டால் ஒவ்வொரு சின்னத்துக்கும் உரிய இடம் தெளிவாகிவிடும். சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வப் பிரிவினர் அணிந்த சீன வான்படைச் சின்னத்தையும் இதே முறையில் இணைபடைச் சின்னம் என்று குழப்பமின்றிக் குறிப்பிடலாம். ‘நேசநாட்டு’ என்பதை அருங்காட்சியகத் தலைப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சொற்பட்டியலில் சேர்க்க நான் பரிந்துரைக்கும் வரையறை இது: பறப்புச் சின்னம் – விமானியாகவோ விமானத்தின் பிற பணியாளராகவோ பயிற்சி முடித்துத் தகுதி பெற்றதற்கு ஒரு வான்படை வழங்கி, சீருடையின் மார்பில் அணியப்படும் துணி அல்லது உலோக அடையாளம்; வழங்கிய படையைப் பொறுத்துத் தாய்ப்படைச் சின்னம், இணைபடைச் சின்னம் எனப் பிரிக்கப்படும். ‘சுடுநர்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமேனும் இருந்தால், பட்டியல் இறுதியாவதற்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.