நம்ம பக்கத்து குட்டை, பாரிட் (வாய்க்கால்) எல்லாம் மூடுன செடி – நேர்ல பாத்தவங்க எழுதுங்க

தூண்டில்காரன்:
சிலாங்கூர் பெர்ஜுந்தை ஆளுங்களுக்கு பழைய லயத்துக்குப் பின்னால இருக்கிற ஈயக்குட்டை தெரியும், மண்ண வாருற கப்பல் போட்டு ஈயம் எடுத்து அப்படியே விட்டது, சின்ன வயசுல இருந்து அங்கதான் தூண்டி போடுறோம். செம்பனை (எண்ணெய்ப்பனை) ரீப்ளாண்டிங் நடந்தப்ப வெள்ளம் வடியணும்னு தோட்டத்துப் பாரிட்ட குட்டையோட வெட்டி சேத்துட்டாங்க. அப்புறந்தான் கெலாடி பூந்திங் வந்துச்சு, ஆகாயத்தாமரை. ஓரமா ஊதாப்பூ பூத்து நின்னப்ப எல்லாரும் போட்டோ புடிச்சாங்க, அந்த மழைக்குள்ள குட்டை முழுசா மூடிருச்சு. எனக்கு மறக்காதது ஒரு கன்னுக்குட்டி. புல்லுன்னு நெனச்சு நேரா எறங்கிருச்சு, ஓரத்துல ஆழமில்ல, ரெண்டு எட்டு வெச்சதும் கழுத்து மட்டுந்தான் வெளிய தெரியுது, தாய்மாடு கரையில நின்னு கத்துது. மாட்டுக்காரத் தாத்தா பாராங் கத்தியால செடிய வெட்டிக்கிட்டே உள்ள போயி கயிறு போட்டு இழுத்தாரு. கன்னு பொழச்சிருச்சு. ஆனா அங்க தண்ணி இருக்குன்னு அதுக்கு எப்படி தெரியும் சொல்லுங்க.

செம்பனைக்காடு:
அண்ணே, எங்க டிவிஷன்ல அது இல்ல, செமாலு கெர்காசி. ஆள் உயரத்துக்கு மேல வளர்ற தொட்டாச்சுருங்கி, முள்ளு ஒவ்வொன்னும் சட்டையக் கிழிக்கும். ஆத்துல மண் அள்ளுற எடத்துல வேல செஞ்ச எக்ஸ்கவேட்டர அப்படியே லோரில ஏத்திக் கொண்டாந்து எங்க பாரிட் தூர் வாரவிட்டாங்க, செயின்ல ஒட்டுன சேறக் கூட கழுவல. கொஞ்ச மாசம் கழிச்சு நான் மருந்தடிக்கப் போறேன், அந்த மெஷின் போன தடத்துலயே, திரும்புன எடத்துல திரும்பி, நின்ன எடத்துல கும்பலா, அந்தச் செடி முளைச்சு நிக்குது. வேற எங்கயும் ஒன்னு கூட இல்ல. அந்தத் தடத்தப் பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சிச்சு லா. அந்தக் காய் துண்டு துண்டா ஒடையும், மேல சொர சொரன்னு முடி, தண்ணில மெதக்கும், காலுறைல ஒட்டிக்கும், மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா சாகாம கெடக்கும். அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம்ம மலேசியாவுல 1980ல கிளந்தான் மாநிலத்துலதான் மொதல்ல கண்டாங்களாம். அங்க இருந்து நடந்தா வந்துச்சு?

டீச்சரம்மா:
தூண்டில்காரன் தம்பி, பாரிட் வெட்டுனதாலதான்னு நீங்க சொல்றது எனக்கு ஒத்துவரல. உரந்தான் காரணம். மழை வர்ற நேரம் பாத்து வாளி வாளியா வீசிட்டுப் போவாங்க, அத்தனையும் தண்ணிக்குத்தான் போகுது. வெயிலும் சத்தும் சேந்தா ஆகாயத்தாமரை ரெண்டே வாரத்துல ரெட்டிப்பாகும். எங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருந்த குளத்துல ஒரே நாள்ல மொத்தத்துக்கும் மருந்தடிச்சாங்க. செடி பழுத்து அமுங்கி அழுக ஆரம்பிச்சுச்சு. மறுவாரம் காலையில பிள்ளைங்க ஓடி வந்து கூப்பிட்டாங்க, போய்ப் பாத்தா மீனெல்லாம் தண்ணி மட்டத்துல வாயத் தொறந்து தொறந்து மூடுது, நூத்துக்கணக்குல. அழுகுற செடி தண்ணில இருந்த காத்த இழுத்துக்கிச்சு. மத்தியானத்துக்குள்ள எல்லாம் மல்லாந்துருச்சு. ஒரு பொண்ணு வாளில நல்ல தண்ணி கொண்டாந்து ஒவ்வொன்னா எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தா. அடுத்த பருவத்துல செடி திரும்ப வந்துருச்சு, வெதை சேத்துக்குள்ள பத்துப் பதினஞ்சு வருஷம் கூடத் தாங்கும், மீன் வரல.

குவாந்தான் லோரி:
பகாங்ல இருக்கிற தாசிக் சீனி ஏரிக்குப் போனவங்க இருக்கீங்களா? தாமரை பாக்கணும்னு குடும்பத்தோட போனேன். 90கள்ல படகு ஓடத் தண்ணி வத்தாம இருக்கணும்னு சுங்கை சீனில தடுப்பு கட்டினாங்க, ஏரி ஓரத்து மரமெல்லாம் தண்ணில நின்னு நின்னே செத்துருச்சு, இன்னைக்கும் மொட்டையா நிக்குது. சுத்தி காடு வெட்டினாங்க, சுரங்கம் வேற. 2009ல யுனெஸ்கோ உயிர்க்கோளப் பட்டியல்ல சேத்தும் தாமரை கொறஞ்சு போச்சு. அடியில கபோம்பா, அங்க எக்கோர் கூச்சிங்னு சொல்றாங்க, தென்னமெரிக்கச் செடி. எங்க படகு மோட்டார்ல சுத்திக்கிட்டு நின்னுருச்சு. படகுக்காரர் பாவம், கத்தியால சின்னச் சின்னதா வெட்டி எடுத்து அப்படியே தண்ணில போட்டாரு. ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். அவரு கையில இருந்து அது விழுந்துக்கிட்டே இருக்கு, நான் ஒன்னும் சொல்ல முடியாம பாத்துக்கிட்டு இருக்கேன்.

பச்சைவேலி:
எங்க லயத்துப் பாரிட்ல கியம்பாங், தண்ணில மெதக்குற பெரணிச் செடி, வந்தது ஒருத்தர் மீன் தொட்டிய கழுவிக் கொட்டுனதால, நானே பாத்தேன். சரி, எல்லாரும் இதக் கேளுங்க. தொட்டிச் செடிய பாரிட்லயோ ஆத்துலயோ கொட்டாதீங்க, மேட்டுல வெயில்ல நல்லா காயப்போட்டு அப்புறம் குப்பையில போடுங்க. கியம்பாங்குக்கு வெதையே வேணாம், ஒடஞ்ச துண்டு போதும், அதனால கோரி எடுக்கும்போது கீழ்ப்பக்கம் வலை கட்டிக்கிட்டு எடுக்கணும். கரையில குவிச்சா மழைல திரும்ப எறங்கிரும், தள்ளி வைங்க. ஆகாயத்தாமரைய மருந்தடிச்சுத்தான் ஆகணும்னா கொஞ்சங் கொஞ்சமா அடிச்சு, செத்தத வெளிய எடுங்க. ஆத்தோர ரிசர்வ்ல மரத்த வெட்ட விடாதீங்க, நெழல் இருந்தா இதெல்லாம் இந்த அளவுக்கு வராது. முந்தி ஆகாயத்தாமரைய சீனவங்க பன்னிக்கு வேகவெச்சுப் போட வாரிக்கிட்டுப் போவாங்க, இப்ப எடுக்க ஆளில்ல. பப்புவா நியூ கினில செப்பிக் ஆத்துல கியம்பாங் மட்டும் திங்கிற பிரேசில் வண்ட 80கள்ல விட்டு அழிச்சாங்க, ஆனா அதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க பலதடவ சோதிச்சு செய்ற வேல, நம்மளா எதையும் வாங்கி விடக்கூடாது.

தூண்டில்காரன்:
டீச்சர், உரம் அந்தக் குட்டைக்கு எந்த வழியா வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? வெட்டுறதுக்கு முன்னாலயும் தோட்டத்துல உரம் போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க, குட்டை தெளிவா இருந்துச்சு. செடியும் உரமும் ஒரே பாரிட்லதான் எறங்குச்சு. இப்ப ரெண்டாவது குட்டையையும் சேத்து வெட்டப் போறதா தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) சொல்றாரு. மெஷின் வர்றதுக்கு முன்னால ஆபீஸ்ல போய்ப் பேசப்போறேன், வெட்டாதீங்கன்னு கேப்பேன், கேக்கலன்னா செயினயாச்சும் கழுவிட்டு எறக்கச் சொல்லுவேன். சனிக்கிழமை காலையில யாரு கூட வரீங்க?

செம்பனைக்காடு:
நான் வரேன் அண்ணே. அந்தத் தடத்து போட்டோ எங்கிட்ட இருக்கு.