புதுப்பிப்பு: எண்ணெய்க் கப்பலிலிருந்து எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) கப்பலுக்கு மாறினேன்

எரிவாயுக் கப்பல் அனுபவம் இல்லாமல் உயர்நிலைச் சான்றிதழ் கிடைக்கவில்லை, அது இல்லாமல் அதிகாரி வேலை இல்லை, என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, தலைமைப் பொறியாளர் அண்ணன் சொன்ன வழிதான். எஸ்.டி.சி.டபிள்யூ. (கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழுக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படி எரிவாயுக் கப்பலில் மூன்று மாதக் கடற்பணிக்குப் பதிலாக, வழக்கமான பணியாளர்களுக்கு மேல் கூடுதல் ஆளாக ஏறிக் குறைந்தது ஒரு மாதம் பயிற்சி பெறலாம். அதற்குள் மூன்று சரக்கு ஏற்றுதலும் மூன்று இறக்குதலும் முடிந்திருக்க வேண்டும். அடிப்படைச் சான்றிதழ் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. நிறுவனத்திடம் எழுதிக் கேட்டேன், சம்மதித்தார்கள்.

நான் எதிர்பாராதது, கப்பல் போகும் பாதை இவ்வளவு முக்கியம் என்பது. நெடும்பயணக் கப்பலில் ஒரு மாதத்தில் ஒருமுறை ஏற்றி இறக்குவதே அரிது. எனக்குக் கிடைத்தது கத்தாரின் ராஸ் லஃபான் - குஜராத்தின் தஹேஜ் பாதை. 36 நாளில் மூன்று சுற்றும் முடிந்தன. ஏறும் முன்பே பாதையைக் கேட்டுவிடுங்கள்.

எண்ணெய்க் கப்பலில் பார்க்காத ஒன்றையும் பார்த்தேன். சரக்குக் குழாய் முழுக்க வெண்பனி பூத்திருக்க, அதன் கீழே கப்பலின் பக்கவாட்டில் கடல்நீர் திரையாக வழிந்துகொண்டே இருந்தது. மைனஸ் 162 டிகிரித் திரவம் சிந்தினால் சாதாரண எஃகு விரிசல் விட்டுவிடும். அதைக் காக்கத்தான் அந்த நீர்.

சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் மூன்றாம் அதிகாரியாக ஏறுகிறேன்.