வல்லாரை இலை ஓரம் கருகுது – தண்டையார்பேட்டை மாடி, போர் தண்ணி

மாடிச்செடி:
12 இஞ்சு தொட்டி, செம்மண்ணும் மண்புழு உரமும். ரெண்டு வாரமா இலை ஓரம் பழுப்பா கருகுது. தொட்டி விளிம்புல வெள்ளையா பூத்திருக்கு. காலைல போர் தண்ணி, சாயங்காலம் ஆர்ஓ மெஷின் வேஸ்ட் தண்ணி ஊத்துறேன். நாள் முழுக்க வெயில். உரம் பத்தலையா? கால்வாய் ஓரம் தானா முளைச்ச வல்லாரையைக் கொண்டாந்து நடலாமா?

கொருக்குப்பேட்டை பச்சை:
உரம் போட்டுடாதீங்க, இன்னும் கருகும். விளிம்புல பூத்திருக்கிறது உப்பு. கடலோரம், போர் தண்ணியே கரிக்கும். ஆர்ஓ மெஷின் நல்ல தண்ணியைக் குடத்துல விட்டுட்டு மிச்ச உப்பை எல்லாம் அந்த வேஸ்ட் குழாய்லதான் தள்ளுது. தரை கழுவ வச்சுக்கோங்க.

மெட்ரோ தண்ணியைத் திறந்த பக்கெட்ல ராத்திரி வச்சிருந்து, 10 லிட்டர் மண்ணுக்கு 20, 30 லிட்டர் கணக்குல மெதுவா ஊத்தி அடி ஓட்டை வழியா வடிய விடுங்க. அடியில தட்டு வைக்காதீங்க, வடிஞ்ச உப்புத் தண்ணியை மண்ணு திரும்ப உறிஞ்சிடும். கருகின இலை தேறாது, கிள்ளிடுங்க. புது இலை ஓரம் சுத்தமா வருதான்னு பாருங்க.

அப்புறம் தொட்டியை தண்ணி டேங்குக்குக் கிழக்கால நகர்த்துங்க. காலை வெயில் போதும். வல்லாரைக்கு ஆழம் வேணாம், 6–8 இஞ்சு போதும், அகலம்தான் வேணும். விளிம்பைத் தாண்டித் தொங்குற தண்டு அந்தரத்துல வேர் பிடிக்காது. உள்ளே திருப்பி, கணுவை மண்ணுல அழுத்தி, ஈர்க்குச்சியைக் கொண்டை ஊசி மாதிரி மடக்கிக் குத்துங்க.

கீரைக்கட்டு:
கால்வாய் ஓரத்துச் செடி வேண்டவே வேண்டாம். சாக்கடை மண்ணுல இருக்கிற ஈயம், காட்மியம் எல்லாம் இலைக்குள்ளேயே ஏறிடும், எத்தனை தடவை கழுவினாலும் போகாது. மார்க்கெட்ல வேரோட வர்ற கட்டுல ரெண்டு மூணு கணு உள்ள தண்டா பொறுக்கி நடுங்க. நர்சரியில 'பிராமி'ன்னு கேட்டா நீர்ப்பிரமியையும் கொடுப்பாங்க. அது இலை சின்னதா, தடிப்பா, நீளவாட்டா இருக்கும். வல்லாரை, ஆயுர்வேதத்துல மண்டூகபர்ணி, சிறுநீரக வடிவம், ஓரம் வளைவு வளைவா.

மாடிச்செடி:
இன்னைக்கே அலசுறேன். துவையலுக்குப் புளி ஆகாதுங்கிறாங்களே?

கீரைக்கட்டு:
வைத்திய வழக்கத்துல சேர்க்க மாட்டாங்க. வீடுகள்ல கசப்புக்காகக் கொஞ்சம் வைக்கத்தான் செய்றாங்க. ஒரு கைப்பிடி இலைக்கு 2 ஸ்பூன் உளுந்து, 3 காய்ஞ்ச மிளகாய், துண்டு இஞ்சி, கொஞ்சம் தேங்காய். இலை சுருண்டதும் இறக்கிடுங்க. கல்லீரல் கோளாறு உள்ளவங்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காம மருந்தா எடுக்கக் கூடாது. மாத்திரையா மாசக்கணக்குல விழுங்கி கல்லீரல் கெட்டவங்க உண்டு.